எங்கள் வீட்டுச் சிதம்பரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிகரெட், சீட்டாட்டம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கெல்லாம் காசு வேண்டும். என்னுடையது இலவசம். யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு குடும்பப் படத்தில் அவருக்கு ஒரு வேஷம் கொடுத்துவிடுவேன்.

முன்பு நான் குப்பை கொட்டிய ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மேனேஜர். லீவு கேட்டுப் போனால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், "ம்..." என்பார். அந்த ஒரு 'ம்'முக்காகவே 'வியட்நாம் வீடு' பிரஸ்டீஜ் பத்மநாபன் ரோலை அவருக்கு ஒதுக்கிவிட்டேன். தங்கச்சி கல்யாணக் கடனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும் கேஷியருக்கு 'பாசமலர்' சிவாஜி. நாலு மாடிக்கும் டீ தூக்கிக்கொண்டு, எல்லோருடைய வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிற பையன், சந்தேகமே இல்லாமல் 'எதிர் நீச்சல்' நாகேஷ்.

இதில் பெரிய சௌகரியம் என்னவென்றால், வேஷம் கொடுத்து முடித்துவிட்டால் அப்புறம் அந்த மனுஷரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவர் அடுத்த சீனில் என்ன செய்வார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அவர் வேறு ஏதாவது செய்தால் அது நம் கண்ணில் படாது. இது சௌகரியமில்லை, வியாதி என்று எனக்குத் தெரிய வெகு காலமாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற பஸ்ஸில் ஏறினால் நடுவில் வரும். பாதி ஊர் எப்போதும் வெளிநாட்டில் இருக்கும் என்பதால் 'சின்ன சிங்கப்பூர்' என்று இன்னொரு பெயர். ஊருக்குள் நுழைந்ததும் பள்ளிவாசல் மினாராவும், பேக்கரியில் தம்ரூட்டும் கண்ணில் படும். தம்ரூட் சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ரவையில் நெய்யை ஊற்றி வைத்திருக்கிறார்களா, நெய்யில் ரவையைத் தூவி வைத்திருக்கிறார்களா என்று கடைசி வரை புரியாத ஒரு ஸ்வீட்.

எங்கள் அடுத்த வீடு ராவுத்தர் மாமா வீடு. மலேசியாவில் கடை வைத்திருந்தவர். 1995 வாக்கில் ஊரோடு வந்தபோது கோடாலித் தைலம், கம்பளி, டார்ச் லைட் வகையறாக்களோடு ஒரு டெக்கும் கொண்டு வந்தார். தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் சப்பணமிட்டது. எனக்கு எட்டு வயசு. அன்றைக்குப் போட்ட கேஸட், 'சம்சாரம் அது மின்சாரம்'.

அந்தப் படத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆனாலும் 2000-க்குப் பிறகு பிறந்த தம்பிகளுக்காக நாலு வரி. 1986-ல் ஏவி.எம். எடுத்த படம். கதை, வசனம், டைரக்ஷன் எல்லாம் விசு. போதாததற்கு அவரே அப்பா அம்மையப்ப முதலியார். அந்த வருஷத்துக்கான தேசிய விருதுகளில் ஜனரஞ்சகமான, ஆரோக்கியமான பொழுதுபோக்குப் படம் என்று தங்கத் தாமரை வாங்கியது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று நாலு பாஷைக்கும் போனது. எல்லா பாஷைக்காரர்கள் வீட்டிலும் ஒரு சிதம்பரம் இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சிதம்பரம்தான் வீட்டின் மூத்த பிள்ளை. ரகுவரன். எதற்கும் கணக்குப் பார்ப்பவர். மனைவி உமா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும்போது, வீட்டில் ஒரு ஆள் குறைகிறது என்று சொல்லி, மாதாமாதம் வீட்டுக்குத் தரும் பணத்தில் குறைத்துக் கொடுப்பார். வாய்ச்சண்டை முற்றும். பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். வீட்டுக்கு நடுவே ஒரு கோடு விழும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளோடு பேசக் கூடாது.

கோடு விழுகிற இடத்தில் ராவுத்தர் மாமா வீட்டுக் கூடமே கப்சிப். மாமா மட்டும் மெதுவாக, "எங்க வூட்டுக் கதைய இந்த ஆளுக்கு யாரு சொன்னது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எனக்கோ அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ராவுத்தர் மாமா வீட்டுக் கதை என்றால் எங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாமே! பாயில் படுத்தபடியே கேஸ்டிங்கை முடித்துவிட்டேன்.

அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். எந்த விவசாயி, எத்தனை மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று எழுதியே விரல் தேய்ந்தவர். படத்து அப்பாவும் குமாஸ்தா. பொருத்தம் பத்துக்குப் பத்து. அம்மாவுக்குக் கமலா காமேஷ். வாய் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற ரோல். (அம்மாவுக்கு வாய் உண்டு, அதை எடிட்டிங்கில் வெட்டிவிட்டேன்.) பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா, சாட்சாத் மனோரமா.

அண்ணன் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தார். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எட்டணா பிசகாமல் கொண்டு வந்து வைப்பார். நாங்களெல்லாம் மீதிக் காசைக் 'காணாமல்' போக்குகிற பரம்பரை. இவர் மட்டும் இப்படி! இவரைவிட்டால் சிதம்பரத்துக்கு வேறு ஆள் ஏது?

எனக்கு? நல்ல கேள்வி. அப்பா பக்கம் நிற்கிற, கோபக்காரனானாலும் மனசு தங்கமான இரண்டாவது பிள்ளை சிவராமன் வேஷம். கேஸ்டிங் செய்கிறவன் தனக்கு மட்டமான ரோல் எடுத்துக்கொண்டதாகச் சரித்திரம் உண்டா?

படம் பார்த்தவர்கள் மறந்துபோனாலும் நான் மறக்கவில்லை. 1999-ல் அண்ணன் சிங்கப்பூர் போனார். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். மாதாமாதம் பணம் வந்தது. கூடவே ஒரு லெட்டரும் வரும். அதில் பாதி கணக்காக இருக்கும்: இவ்வளவு வீட்டுக்கு, இவ்வளவு தங்கச்சி நகைச்சீட்டுக்கு, இவ்வளவு தம்பி பீஸுக்கு. அந்தப் பணத்தில்தான் நான் பி.காம். படித்தேன். ஆனால் 'தம்பி பீஸ்' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம், "பார்த்தியா, கணக்கு எழுதுறாரு" என்றுதான் எனக்குத் தோன்றும். டெபிட், கிரெடிட் என்று மூன்று வருஷம் படித்த பையன், அண்ணன் கணக்கு எழுதுவதைக் குற்றம் என்று நினைத்தான். காமர்ஸ் எனக்குச் செய்த நன்மை அவ்வளவுதான்.

2014-ல் அண்ணன் ஊரோடு வந்து, லெட்சுமாங்குடியில் எலக்ட்ரிகல் கடை போட்டார். அடுத்த வருஷம் நான் மெட்ராஸிலிருந்து தீபாவளிக்கு வந்து வாசல்படி ஏறினால், கூடத்தில் ஒரு சுவர்!

கூடத்துக்கு நடுவில், தரையிலிருந்து உத்தரம் வரை செங்கல் சுவர். அந்தப் பக்கம் அண்ணன், அண்ணி, குழந்தை. இந்தப் பக்கம் அப்பா, அம்மா. இரண்டு அடுப்பு, இரண்டு கேஸ் சிலிண்டர், இரண்டு கரண்ட் மீட்டர். படத்திலாவது கோடுதான். எங்கள் வீட்டில் செங்கல் வைத்து, சிமென்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள்!

சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் விட்டிருந்தார்கள். அது வழியாகக் குழம்புக் கிண்ணம் இங்கேயிருந்து அங்கே போகும். அங்கேயிருந்து மீன் வறுவல் இங்கே வரும். வாகா எல்லையில்கூட இத்தனை போக்குவரத்து இருக்காது. ஆனால் என் கண்ணுக்குச் சுவர் தெரிந்ததே தவிர ஜன்னல் தெரியவில்லை.

பொதுவாகவே பாகப்பிரிவினை எங்கள் ஜில்லாவுக்குப் புதிசில்லை. தஞ்சாவூர் என்ற ஒரே பெரிய கூட்டுக் குடும்பத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் தனிக்குடித்தனம் போனது. 1997-ல் திருவாரூர் தனி அடுப்பு வைத்தது. கடைசியாக 2020-ல் நாகப்பட்டினத்தின் கையை உதறிக்கொண்டு மயிலாடுதுறை கிளம்பியது. அப்பா பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா, பென்ஷன் திருவாரூர் ஜில்லா. நடுவில் அவர் வீடு மாறவே இல்லை!

அன்று ராத்திரியே மெட்ராஸ் நண்பர்களுக்கு போன் போட்டுப் புலம்பினேன். "கடைசியில ரகுவரன் வேலையக் காட்டிட்டாருடா எங்கண்ணன்!" அத்தோடு விடவில்லை. என் போனில் 'அண்ணன்' என்றிருந்த நம்பரை எடுத்து, பெயரை மாற்றினேன். 'சிதம்பரம்' என்று பதிவு செய்தேன். ரொம்ப ரசித்துச் சிரித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அஞ்சு வருஷம் என் அண்ணன் எனக்கு போன் செய்யும்போதெல்லாம் திரையில் சிதம்பரம்தான் வந்தார். முக்கால்வாசி நேரம் நான் எடுக்கவில்லை. சிதம்பரத்தோடு சிவராமன் பேசலாமா?

இனி 2020-க்கு வருகிறேன்.

மார்ச் மாதம். கொரோனா என்ற பெயர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் எட்டுக்குப் பத்து அறையில் அடைபடுவதைவிட ஊர் மேல் என்று பஸ் ஏறிவிட்டேன். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் சுய ஊரடங்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசலில் நின்று கை தட்டினோம். அப்பா தட்டவில்லை. "எதுக்குத் தட்டுறோம்னு எழுதிக் குடுத்தா தட்டுறேன்" என்றார். பட்டியல் எழுத்தர் அல்லவா!

அன்றைக்குத்தான் விசு காலமான செய்தி வந்தது. மனுஷர் போன நேரத்தைப் பாருங்கள். நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து, கூட இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்த அன்றைக்குப் போயிருக்கிறார். அவர் கதை எழுதியிருந்தால்கூட இதை நம்ப மாட்டார்கள்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பில் தேடி 'சம்சாரம் அது மின்சாரம்' போட்டேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில். பத்து நிமிஷம் ஓடியிருக்கும். லேப்டாப்பில் விசு பேசி முடித்த வசனத்தையே மறுபடி யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. சவுண்டைக் குறைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதே படம்! இரண்டு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் அதைத்தான் தேடிப் போட்டிருக்கிறார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் மனோரமா வந்தார். இரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பக்கமும் மனோரமா வந்தார். இந்தப் பக்கம் நாங்கள் சிரித்து முடித்தபோது அந்தப் பக்கம் சிரிப்பு ஆரம்பித்தது. ஒரே வீடு, ஒரே படம், இரண்டு காட்சி. டிக்கெட் போட்டிருந்தால் அண்ணன் கணக்குப் பார்த்திருப்பார் என்று மனசுக்குள் ஒரு ஜோக் அடித்துக்கொண்டேன்.

சரியாகக் கோடு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் டேட்டா தீர்ந்தது. படம் சுற்றிக்கொண்டே நின்றது. அப்பா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் போன் அடித்தது. போன் ஜன்னல் திண்டில் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் மகள், ஏழு வயசு வாலு, கையை நீட்டி எடுத்தாள். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள்.

"சி... த... ம்... ப... ர... ம். சித்தப்பா! சிதம்பரம்னு யாரோ கூப்புடுறாங்க!"

கூப்பிட்டது அவளுடைய அப்பா. அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து, காதில் போனை வைத்துக்கொண்டு, "அங்க நின்னு போச்சா? இங்க வந்து பாருங்களேன்" என்று சொல்வதற்காகக் கூப்பிட்டிருக்கிறார். அவர் போனில் ரிங் போய்க்கொண்டிருந்தது. குழந்தை கையில் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. டி.வி.யில் ரகுவரன் நின்றுகொண்டிருந்தார்.

மூன்றையும் கூட்டிப் பார்க்க அண்ணனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எட்டணா பிசகாதவர். காதிலிருந்து போனை எடுத்து, கட் செய்துவிட்டு, "வா, எல்லாரும் இங்க வந்துருங்க. மீதிய இங்க பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

போனோம். எனக்கு உட்கார இடம் இருந்தது. முகத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த சீன் அதுதான். மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், அதனால் இந்த மாதம் பணம் குறைவு என்று சிதம்பரம் நீட்டுகிற சீன். எத்தனையோ தடவை பார்த்த சீன்தான். ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டார். அண்ணி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவியை நெல்லுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

எனக்கு முதுகில் வியர்த்தது. 2017 ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா துணைக்குத் திருப்பூர் போய் மூன்று மாதம் இருந்தார். நான் அப்போது மாதம் ஆறாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அம்மா இல்லை, அப்பா ஒருவர்தான், அவர் சாப்பாடும் ஜன்னல் வழியாக வருகிறது, செலவு எங்கே? பி.காம். மூளை வேலை செய்தது. மூன்று மாதமும் இரண்டாயிரம் குறைத்து, நாலாயிரம் அனுப்பினேன். மிச்சம் ஆறாயிரத்தில் ஒரு போன் வாங்கினேன். சிதம்பரம் என்ற பெயரோடு அந்த நம்பர் இருந்ததே, அதே போன்!

ரகுவரன் செய்தது இதையேதான். பிரசவம் உட்பட, ஒரு வரி மாறாமல். இருபத்தைந்து வருஷம் அந்தப் படத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு, அந்த மூன்று மாதமும் அது ஞாபகம் வரவில்லை. ஏன் வரும்? அந்த ரோலுக்குத்தான் வேறு ஆளைப் போட்டாகிவிட்டதே.

மறுநாள் காலையில் அப்பாவிடம் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "அப்பா, 2017-ல நான் பணம் குறைச்சு அனுப்பினேன்ல... கஷ்டமா இருந்துச்சா?" என்றேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரிட்டயர் ஆன பிறகும் பட்டியல் எழுதுவதை அவர் விடவில்லை. தேதி வாரியாக வரவு, செலவு. 2017-ஐப் புரட்டினேன்.

'சின்னவன் பாங்கு வழி 4,000.' அடுத்த வரி: 'சின்னவன் ரொக்கம் 2,000.' மூன்று மாதமும் அப்படியே. ரொக்கமா? நான் ரொக்கம் கொடுக்கவே இல்லையே!

உற்றுப் பார்த்தேன். ரொக்க வரியின் ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை. 'பெரியவன்.'

"மாசம் பொறந்து பத்து நாளைக்குள்ள கொண்டாந்து குடுப்பான். 'தம்பி தனியா எங்கிட்ட அனுப்பிச்சான், உங்ககிட்ட குடுக்கச் சொன்னான்'னு சொல்லுவான்" என்றார் அப்பா. "நானும் வாங்கி எழுதிக்குவேன். நாப்பது வருஷம் பட்டியல் எழுதுனவன். எந்த மூட்டை யாரு வயல்லேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அடுப்படி ஜன்னல் வழியாக அண்ணியிடம் கேட்டேன். "அண்ணி, இந்தச் சுவரு... அண்ணன்தானே கட்டச் சொன்னாங்க?"

அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா? மாமாதான் சொன்னாங்க. எனக்குத் தேங்கா அரைச்சு ஊத்துனாத்தான் குழம்பு. அத்தைக்கு அது ஆவாது. தெனம் ஒரு சண்ட. ஒரு நாளு மாமா உங்கண்ணனக் கூப்புட்டு, 'ரெண்டு அடுப்பு வையிடா, ரெண்டு பேரும் நல்லாருப்பாங்க'ன்னாங்க. உங்கண்ணன் மாட்டேன்னுட்டாங்க. ஊரு என்ன சொல்லும், தம்பி என்ன நெனைக்கும்னு ஆறு மாசம் தள்ளிப் போட்டாங்க. ஜன்னல் மட்டும் உங்கண்ணன் ஐடியா."

தம்பி என்ன நினைக்கும்! தம்பி என்ன நினைத்தான் என்பது முந்தின ராத்திரிதான் குழந்தை வாயால் எழுத்துக் கூட்டி வெளியே வந்திருந்தது.

அந்தப் படத்தில் எல்லோருக்கும் கோடு ஞாபகம் இருக்கும். மனோரமா ஞாபகம் இருக்கும். க்ளைமாக்ஸ் மட்டும் பலபேருக்கு மறந்துபோகும். சண்டை தீர்ந்து, மன்னிப்புக் கேட்டு, எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்ட பிறகும், மூத்த மருமகள் உமா மறுபடி ஒரே வீட்டில் கூடி வாழச் சம்மதிக்க மாட்டாள். ஒரு தடவை விரிசல் விட்டாயிற்று, இனிமேல் தள்ளி இருந்து பிரியமாக இருப்போம் என்று பிரித்துவிட்டுப் போய்விடுவாள். லட்சுமி அதைச் செய்த அழகுக்காகவே படத்தை இன்னொரு தடவை பார்க்கலாம். 'சுபம்' போடுகிற குடும்பப் படத்தில், பிரிந்து போவதைச் சுபமாகக் காட்டியது அந்த நாளில் லேசான காரியமில்லை.

எங்கள் வீட்டில் அந்த உமா வேஷத்தைச் செய்தது அப்பா. நான் அவருக்கு அம்மையப்ப முதலியார் மேக்கப்பைப் போட்டு உட்கார வைத்திருந்தேன். அம்மாவின் வசனங்களை வெட்டியிருந்தேன். அண்ணனை வில்லன் ஆக்கியிருந்தேன். என்னை நல்லவன் ஆக்கியிருந்தேன். ஒரு ரோல்கூடச் சரியில்லை. இந்த லட்சணத்தில் டைரக்டர் என்ற நினைப்பு வேறு!

லாக்டவுன் நீண்டது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, ஒரு நாள் வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். அண்ணன் என்னைப் பைக்கில் உட்கார வைத்து லெட்சுமாங்குடிப் பாலத்துக்குக் கூட்டிப் போனார். முகத்தில் மாஸ்க். பேசுவதற்கு வசதியாக இருந்தது. முகத்தில் பாதி தெரியாதல்லவா.

கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து வருவது வெண்ணாறு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் அது மறுபடி பிரியும்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. சின்ன வயசில் அப்பா அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். "ஏம்பா பிரிச்சு விடுறாங்க? ஒண்ணாவே போனா என்ன?" என்று கேட்டேனாம். "ஒண்ணாவே போனா கரையில இருக்கறவனுக்கு வெள்ளம், தள்ளி இருக்கறவனுக்கு வறட்சி" என்றாராம். இதை அண்ணன்தான் பாலத்தில் நின்றுகொண்டு சொன்னார். எனக்கு ஞாபகமே இல்லை. என் ஞாபகத்தில் சினிமாதான் தங்கியிருந்தது.

"அண்ணே, அந்த ஆறாயிரம்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த ஆறாயிரம்?" என்றார்.

"2017-ல..."

"கடைக்கு நேரமாச்சு, ஏறு" என்று பைக்கை உதைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் அண்ணனுக்கு ஒரு கணக்கு மறந்துபோயிருந்தது. மறந்த மாதிரி நடித்தார் என்பது எனக்குத் தெரியும். ரகுவரனே தோற்றார் போங்கள்!

ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தால், அவர் எழுதுகிற கணக்கை வாங்கி ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். எங்கள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எழுதிய லெட்டர்களை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார். அந்த ஊரடங்கில் அத்தனையையும் படித்தேன். எல்லாவற்றிலும் செலவு இருக்கிறது. தேதி இருக்கிறது. பதினைந்து வருஷத்தில் ஒரு லெட்டரில்கூட அவர் மொத்தம் போடவில்லை. கூட்டி எழுதாத கணக்கு வசூலுக்கு ஆகாது என்பது பி.காம். முதல் வருஷத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதும் பஸ்ஸில், டீக்கடையில் யாரையாவது பார்த்தால் மனசு தானாக வேஷம் தேட ஆரம்பிக்கிறது. முப்பது வருஷப் பழக்கம், லேசில் போகுமா? ஆனால் வீட்டு மனுஷர்களுக்கு வேஷம் கொடுப்பதை விட்டுவிட்டேன். அன்று பாலத்திலிருந்து வந்ததும் முதல் காரியமாகப் போனில் 'சிதம்பர'த்தை அழித்துவிட்டு, பழையபடி 'அண்ணன்' என்று போட்டேன். இப்போதெல்லாம் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறேன்.

அண்ணனுடைய போனில் என் நம்பர் என்ன பெயரில் இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை பார்க்கவில்லை. அது அடிக்கடி அந்த ஜன்னல் திண்டில்தான் கிடக்கிறது. எட்டிப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை!